ராமநாதபுரம் கடற்கரையில் செங்காந்தள் வளர்ப்பு

செங்காந்தள் தமிழ்நாட்டின் மாநில மலர். காந்தளைக் குறிஞ்சி நிலத்துப் பூவாகவே பாட்டில் படித்தவர்களுக்கு அது கடற்கரை மணலிலும் வரும் என்பது ஆச்சரியமாக இருக்கலாம். ஆடு எட்டாத முள்வேலிக்குள்ளும் கிளுவைப் புதருக்குள்ளும் கார்த்திகை மழையில் சிவப்பும் மஞ்சளுமாக ஏறி நிற்கிற கொடி இதுதான். கண்வலிக்கிழங்கு என்றோ கார்த்திகைப் பூ என்றோ சொன்னால் ஊரில் உடனே புரியும். விதைக்காக ஏக்கர் கணக்கில் பயிரிடுவது ஒட்டன்சத்திரம், மூலனூர், வேதாரண்யம் பக்கங்களில். வீட்டுத் தோட்டத்துக்கு நாலைந்து கிழங்கு போதும்.

இந்தக் கொடியின் ஆண்டு நம் கடற்கரையின் மழையோடு ஒத்துப்போகிறது. மாவட்டத்துக்கு ஆண்டுக்குக் கிடைப்பது சுமார் 800 மி.மீ. மழை, அதில் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தில் கொட்டித் தீர்ந்துவிடும். கிழங்கு புரட்டாசியில் விழிக்கும், மழையில் வளர்ந்து பூக்கும், மாசிக்குள் கொடி காய்ந்துவிடும், கோடை முழுக்க மண்ணுக்குள் தூங்கும். கோடையில் தண்ணீர் ஊற்றும் வேலையே கிடையாது. சொல்லப்போனால், வெயிலில் கிடக்கிறதே என்று பாவம் பார்த்து ஊற்றும் தண்ணீரால்தான் இங்கே அதிகக் கிழங்குகள் அழுகிப் போகின்றன.

முதலில் விஷம்

நடுவதற்கு முன்னால் இதைப் பேசியாக வேண்டும். கிழங்கு, விதை, இலை, பூ எல்லாவற்றிலும் கோல்சிசின் என்ற நஞ்சு இருக்கிறது; கிழங்கிலும் விதையிலும் அதிகம். கிழங்கைச் சர்க்கரைவள்ளி என்று நினைத்துச் சாப்பிட்டு உயிர் போயிருக்கிறது. ஆடு, மாடு தின்றாலும் ஆபத்துதான். எனவே வேலி போடுவது செடியைக் காப்பாற்ற மட்டும் இல்லை, பக்கத்து வீட்டு ஆட்டையும் சேர்த்துத்தான்.

நம் பகுதிக்கென்றே ஒரு எச்சரிக்கை உண்டு. பனங்கொட்டையை மணல் பாத்தியில் புதைப்பதும் இதே ஆவணி, புரட்டாசியில்தான். பனங்கிழங்கைத் தோண்டுவது மார்கழி, தையில், பெரும்பாலும் பிள்ளைகள்தான் கையால் கிளறி எடுப்பார்கள். அந்தப் பாத்திக்கு அருகில் காந்தளை எந்தக் காரணத்துக்காகவும் நடாதீர்கள். சர்க்கரைவள்ளி, மரவள்ளிக்குப் பக்கத்திலும் வேண்டாம். தனி இடம், சுற்றிச் செங்கல் வரிசை, "விஷக்கிழங்கு" என்று பெயின்ட்டில் எழுதிய ஓடு ஒன்று. கொடி காய்ந்த பிறகு இடமே தெரியாது என்பதால் அந்த ஓடு கோடையில்தான் மிகவும் தேவைப்படும்.

கிழங்கைத் தொடும்போது கையுறை போடுங்கள். வெட்டிய கத்தியைச் சமையலறைக்குக் கொண்டுபோக வேண்டாம். யாராவது தின்றுவிட்டால் வீட்டு வைத்தியம் எதுவும் பார்க்காமல் 108-ஐ அழைத்து, மிச்சக் கிழங்கையோ இலையையோ ஒரு பையில் போட்டு மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள். சில மணி நேரத்தில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கும். அது நின்றதும் தேறிவிட்டது போலத் தோன்றலாம். உள்ளுறுப்புகள் பாதிக்கப்படுவது அதற்குப் பிறகுதான். பாதியில் வீட்டுக்குக் கூட்டி வந்துவிடக் கூடாது.

கிழங்கு தேர்வு

காட்டிலும் வேலியோரத்திலும் இருப்பதைத் தோண்டி வராதீர்கள். மருந்துக்காகத் தோண்டித் தோண்டியே பல இடங்களில் இந்தக் கொடி அருகிவிட்டது. விதைக்கிழங்கு விற்கும் விவசாயிகளிடமோ நம்பகமான நர்சரியிலோ வாங்கலாம். வாங்கும் காலம் வைகாசி முதல் ஆவணி வரை, கிழங்கு தூக்கத்தில் இருக்கும்போது.

கிழங்கு கலப்பை போல வளைந்து, இரண்டு கைகளோடு இருக்கும். ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரே ஒரு முளைக்குருத்து. கிழங்கு எவ்வளவு பெரியதாக இருந்தாலும் முளை வருவது அந்த நுனியில்தான். உருளைக்கிழங்கு மாதிரி உடம்பெங்கும் கண் கிடையாது. நுனி ஒடிந்த கிழங்கை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். கூரியரில் வரவழைத்தால், நுனிகளைக் காகிதத்தில் சுற்றி உமிக்குள் வைத்து அனுப்பச் சொல்லுங்கள்.

எடை 50 முதல் 60 கிராம் இருந்தால் அந்த ஆண்டே நன்றாகப் பூக்கும். 30 கிராமுக்குக் கீழே போனால் வெறும் இலையோடு நின்றுவிடலாம். அழுத்திப் பார்த்தால் கெட்டியாக இருக்க வேண்டும். லேசான சுருக்கம் பரவாயில்லை, மெத்தென்று இருந்தால் உள்ளே அழுகல்.

இரண்டு கைகளும் சமமாகப் பெரிதாக இருந்தால், வளைவில் வெட்டி இரண்டு செடியாக்கலாம். வெட்டுவாயை நிழலில் இரண்டு நாள் ஆறவிட வேண்டும். ஒரு கை மட்டும் ஒல்லியாக இருந்தால் வெட்ட வேண்டாம். நடுவதற்கு முன் எல்லாக் கிழங்கையும் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம் சூடோமோனாஸ் என்ற உயிர் மருந்து, அல்லது ஒரு கிராம் கார்பன்டசிம் என்ற பூஞ்சைக்கொல்லி கலந்த கரைசலில் அரை மணி நேரம் ஊறவைத்து நிழலில் உலர்த்துங்கள். இரண்டையும் ஒன்றாகக் கலக்காதீர்கள். கார்பன்டசிம் டிரைக்கோடெர்மா போன்ற நன்மை செய்யும் பூஞ்சைகளைக் கொல்லும் மருந்து, உயிர் மருந்தோடு அதைச் சேர்ப்பது நல்ல பழக்கம் இல்லை.

உப்பும் காற்றும்

மற்ற ஊர்க் குறிப்புகளைப் பார்த்து நட்டவர்கள் இங்கே சறுக்குவது உப்பில்தான். காந்தளுக்குப் பிடித்தது கார அமில நிலை 6 முதல் 7 வரை உள்ள, தண்ணீர் வடியும் மண். நம் மணல் தண்ணீரை வடிக்கும், அதில் குறையில்லை. ஆனால் சிப்பித் துண்டும் சங்குத் தூளும் கலந்திருப்பதால் கார அமில நிலை 8-ஐத் தாண்டிவிடும். அதனால் "பூச்செடிக்குச் சாம்பல் போடு" என்ற பொது ஆலோசனையை இங்கே கேட்க வேண்டாம். சாம்பல் காரத்தை இன்னும் ஏற்றும்.

தண்ணீர்தான் அதைவிடப் பெரிய சிக்கல். ராமேஸ்வரம், தங்கச்சிமடம், மண்டபம் போன்ற இடங்களில் மணலுக்குள் உப்புநீரின் மேல் நல்ல நீர் மெல்லிய படலமாகத்தான் நிற்கிறது. கோடை முழுக்க இறைத்து, ஆவணியில் அந்தப் படலம் மிக மெலிந்திருக்கும். கிழங்கு நடுவதும் அப்போதுதான். நட்டவுடன் கிணற்றுத் தண்ணீரை ஊற்றினால் முளை வெளியே வரும் முன்பே கருகிவிடும். தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் சின்ன டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்கிப் பார்த்துவிடுங்கள். 500-க்குள் இருந்தால் கவலையில்லை. 1000-ஐத் தாண்டினால் அந்தத் தண்ணீர் வேண்டாம். குழாயில் வரும் காவிரி கூட்டுக் குடிநீரை இதற்குச் செலவிட மனம் வராது, சரிதான். ஆனால் முளைக்கும் வரை ஒரு கிழங்குக்கு மூன்று நாளைக்கு ஒரு தடவை அரை லிட்டர் போதும். ஏ.சி.யிலிருந்து சொட்டும் நீரைப் பிடித்து வைத்தாலே நாலைந்து கிழங்குக்கு ஆகிவிடும். மண்ணின் உப்பைத் துல்லியமாகத் தெரிந்துகொள்ள மண் பரிசோதனைக்குக் கொடுக்கலாம். ராமநாதபுரத்திலேயே வேளாண் பல்கலைக்கழகத்தின் கடலோர உவர் ஆராய்ச்சி மையமும் இருக்கிறது.

அடுத்தது காற்று. கொடி வளரும் மாதங்களில் வீசுவது வாடை. தொண்டி, தேவிபட்டினம், மண்டபத்தின் வடகரை ஆகிய இடங்களில் கடல் கிழக்கிலோ வடக்கிலோ இருப்பதால் வாடை உப்புத் துளியை நேராகத் தோட்டத்துக்குள் கொண்டுவரும். அங்கே வீட்டுக்குத் தென்மேற்கே, சுவர் மறைவில் நடுங்கள். கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் பக்கம் கடல் தெற்கில். வாடை நிலத்தின் மேல் வந்து சேர்வதால் அவ்வளவு தொல்லை இல்லை. கச்சான் என்ற தென்மேற்குக் காற்று மணலை வாரி அடிக்கும் காலத்தில் கிழங்கு தூக்கத்தில் இருக்கும். எந்தக் கரையானாலும் கடலிலிருந்து 100 மீட்டருக்குள் வீடு என்றால் தரையில் நடுவதை விட்டுவிட்டுத் தொட்டியில் வைப்பதே நல்லது.

இந்த உப்புக் காற்று காந்தளுக்கு இரட்டை அடி. உப்பு முதலில் கருக்குவது இலையின் நுனியை. காந்தளுக்கு இலை நுனிதான் பற்றுக்கம்பி. அந்த நுனி சுருண்டு பிடித்துத்தான் கொடி மேலே ஏறுகிறது. நுனி கருகினால் பிடி போய்விடும், கொடி சரிந்து ஒடிந்துவிடும். "பூக்க இருந்த சமயத்தில் கொடி விழுந்துவிட்டது" என்று சொல்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இலை நுனியைத்தான். வாடை பலமாக அடித்த மறுநாள் காலையில் நல்ல தண்ணீரை இலைமேல் தெளித்துக் கழுவிவிட்டால் பெருமளவு தப்பிக்கலாம். மழை பெய்திருந்தால் அந்த வேலையும் மிச்சம்.

நடுதல்

ஆவணிக் கடைசி முதல் புரட்டாசி பாதி வரை நடலாம். ஐப்பசி அடைமழையில் நட்டால் முளைக்கும் முன்பே கிழங்கு அழுகும் வாய்ப்பு அதிகம்.

தரையில் நடுவதென்றால் ஒரு அடி உயரம், இரண்டு அடி அகலத்தில் மேட்டுப்பாத்தி. மணல் நிலம் என்றாலும் மேடு தேவை. கார்த்திகையில் நிலத்தடி நீர் மேலே ஏறி வரும் இடங்களில் தட்டைப் பாத்தியில் கிழங்கு தண்ணீரிலேயே மிதக்கும். இரண்டு பங்கு மணல், ஒரு பங்கு செம்மண், ஒரு பங்கு நன்கு மட்கிய தொழுஉரம் என்று கலந்து நிரப்புங்கள். கடற்கரை மணலை அள்ளி வராதீர்கள். குழி ஒன்றுக்கு 100 கிராம் வேப்பம்பிண்ணாக்கு. பச்சைச் சாணம் கூடவே கூடாது, அதன் சூட்டில் முளை வெந்துவிடும். முடிந்தால் பாத்தியை முன்கூட்டியே போட்டு வைத்து, புரட்டாசியின் முதல் நல்ல மழையில் உப்பு கீழே இறங்கிய பிறகு நடுங்கள்.

தொட்டி என்றால் 14 முதல் 16 அங்குல வாய் உள்ளது, அடியில் நாலைந்து துளையோடு. ஒரு தொட்டிக்கு ஒரு கிழங்கு, மிஞ்சினால் இரண்டு. தென்னை நார்க்கழிவு கலப்பதாக இருந்தால் மூன்று முறை நல்ல நீரில் ஊறவைத்துப் பிழியுங்கள். கழுவாத நார்க்கழிவில் உப்பு ஏராளம். பிழிந்த நீரையும் மீட்டரில் பார்த்துவிட்டால் சந்தேகமே இல்லை.

கிழங்கைப் படுக்கைவாட்டில் வையுங்கள், இரண்டு நுனிகளும் ஒரே மட்டத்தில் இருக்கட்டும். செம்மண் கலவையில் இரண்டு அங்குல ஆழம் போதும். வெறும் மணலாக இருந்தால் மூன்று, மூன்றரை அங்குலம். மேல்மணல் புரட்டாசி வெயிலில் கொதிக்கும். கிழங்குக்குக் கிழங்கு ஒன்றரை அடி இடைவெளி.

குச்சியைக் கிழங்கு வைக்கும்போதே ஊன்றிவிட வேண்டும். பிறகு ஊன்றினால் கண்ணுக்குத் தெரியாத கிழங்கைக் குத்திவிடுவோம். ஊன்றும் இடம் கிழங்கின் வளைவுப் பக்கம். முளை நுனியில் வருவதால் அந்தப் பக்கம் காலியாக இருக்க வேண்டும்.

மேலே இரண்டு விரல்கடை கனத்துக்குக் காய்ந்த பனையோலைத் துண்டு, சருகு பரப்புங்கள். மயில் நடமாடும் ஊர் என்றால் அதன்மேல் ஒரு முள்கிளையும் தேவைப்படும்; புதிதாகக் கிளறிய மண்ணை மயில் விட்டுவைக்காது. காலை வெயில் முழுதாகவும், பிற்பகலில் கொஞ்சம் நிழலும் கிடைக்கிற இடம் நல்லது. சீமைக்கருவேலுக்குப் பக்கத்தில் வேண்டாம். கிளுவை வேலி இருந்தால் அதன் அடியே மிகச் சிறந்த இடம், பந்தல் செலவும் இல்லை.

ஏற்றிவிடுதல்

இரண்டு மூன்று வாரத்தில் ஊசி போன்ற முளை மேலே வரும். இந்தக் கொடியின் பலவீனமே அந்த முதல் தண்டுதான். அது ஒடிந்தால் அந்தக் கையிலிருந்து அந்த ஆண்டு வேறு முளையை எதிர்பார்க்க முடியாது. குழாய்த் தண்ணீரை நேராக அடிப்பது, கோழி, களை பிடுங்கும் கை, இவை மூன்றாலும்தான் பெரும்பாலும் ஒடிகிறது. ஒரு அடி உயரும் வரை களையைப் பிடுங்காமல் கத்தரியால் வெட்டுங்கள்.

அடியிலிருக்கும் இலைகளுக்குப் பற்றுநுனி கிடையாது. ஒன்று, ஒன்றரை அடிக்கு மேல் வரும் இலைகள்தான் பிடிக்கத் தொடங்கும். அதுவரை வாழைநாரிலோ பனைநாரிலோ குச்சியோடு தளர்வாகக் கட்டுங்கள். முடிச்சு குச்சியின்மேல் இறுக வேண்டும், தண்டின்மேல் இல்லை. கட்டுக்கம்பி வேண்டாம், இந்தக் காற்றில் ஒரே பருவத்தில் துருப்பிடித்துத் தண்டை அறுக்கும்.

பற்றுநுனி மெல்லியதைத்தான் பிடிக்கும், பேனா கனத்தைத் தாண்டினால் வழுக்கும். மூங்கில் கழிகளை மட்டும் நட்டுவிட்டு ஏறவில்லை என்று வருந்திப் பயனில்லை. கழிகளுக்கு இடையில் பழைய மீன்வலையைக் கட்டுவது நம் பகுதியில் மிக எளிய வழி. கட்டுவதற்கு முன் வலையை இரண்டு நாள் நல்ல தண்ணீரில் மாற்றி மாற்றி ஊறவைத்து உப்பை எடுத்துவிடுங்கள். முறுக்கு நூல் வலையாக, கண் பெரியதாகப் பாருங்கள். தங்கூசி வலையை, அதாவது ஒற்றை இழை நைலான் வலையை, தோட்டத்தில் தரை வரை தொங்கவிட்டால் ஓணானும் சாரைப்பாம்பும் சிக்கிச் சாகும். எட்டு அடி உயரம் வரை ஏற இடம் கொடுங்கள்.

பூக்கும் காலம்

நட்டு ஏழு, எட்டு வாரத்தில் மொட்டு வரும், அதாவது ஐப்பசிக் கடைசி அல்லது கார்த்திகை. மொட்டு தலைகீழாகத் தொங்கும். விரியும்போது ஆறு இதழ்களும் பின்பக்கமாக மடங்கி மேலே நிமிரும். முதல் நாள் பச்சை கலந்த மஞ்சள், பிறகு நுனியிலிருந்து சிவப்பு இறங்கும், ஒரு வாரத்துக்குள் இதழ் முழுக்கச் சிவந்துவிடும். ஒரே கொடியில் மூன்று நிறப் பூக்கள் ஒன்றாக நிற்பது இதனால்தான், கலப்பு ரகம் என்று நினைக்க வேண்டாம்.

பூவை அருகில் பார்த்தால், சூலகத்தண்டு அடியிலேயே முழங்கை போல மடங்கி ஒரு பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும். மகரந்தத்தை விட்டு விலகி நிற்பதால் தானாகக் காய் பிடிப்பது குறைவு. விதை வேண்டுமென்றால் காலை 8 முதல் 11 மணிக்குள் மகரந்தப்பையை எடுத்துச் சூலகமுடியில் தடவ வேண்டும். பூவுக்காக மட்டும் வளர்ப்பவர்கள் பிடித்த காயையும் கிள்ளிவிடுவதே எங்கள் பரிந்துரை. சத்து கிழங்குக்குப் போகும். சிவப்பு விதையைப் பிள்ளைகள் பொறுக்கும் அபாயமும் இல்லை. விதையிலிருந்து வளர்ப்பது பொறுமைசாலிகளுக்கு: முளைக்கவே மாதக்கணக்கில் ஆகும், பூக்க மூன்று ஆண்டு வரை காத்திருக்க வேண்டும்.

மழை நாட்களில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். ஐந்து நாள் தொடர்ந்து மழை இல்லாவிட்டால், மணலில் ஒரு செடிக்கு ஒரு லிட்டர். மொட்டுப் பருவத்தில் இரண்டு கைப்பிடி மண்புழு உரம் போட்டால் அந்தப் பருவத்துக்கு வேறு உரம் தேவையில்லை.

என்னென்ன தவறும்

நுனியிலிருந்து ஒரே சீராகக் கருகி, கடல் பார்த்த பக்க இலைகளில் அதிகமாக இருந்தால் அது உப்பு. இலையின் நடுவே நீள்வட்டப் பழுப்புப் புள்ளிகள் தோன்றி ஒன்றோடொன்று சேர்ந்தால் இலைக்கருகல் நோய். அடைமழை முடிந்து மூட்டமாக இருக்கும் நாட்களில் வேகமாகப் பரவும். நோய்ப்பட்ட இலைகளை வெட்டி எரித்துவிட்டு, ஒரு லிட்டருக்கு 2 கிராம் மேன்கோசெப் என்ற பூஞ்சைக்கொல்லி தெளிக்கலாம். கொடி நெருக்கமாக இருந்தால் மருந்து மட்டும் போதாது, காற்றோட்டம் வேண்டும்.

இளம் இலை வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் இரும்புச்சத்துக் குறை. சிப்பி மண்ணில் இது சகஜம், இரும்பு மண்ணில் இருந்தாலும் வேருக்குக் கிடைக்காது. ஒரு லிட்டர் நீரில் 5 கிராம் பெரஸ் சல்பேட், அரை எலுமிச்சைச் சாறு கலந்து மாலையில் இலைமேல் தெளியுங்கள். பத்து நாள் கழித்து இன்னொரு முறை.

கருத்த உடம்பில் வெள்ளையும் சிவப்புமாகப் புள்ளிவைத்த புழுக்கள் கூட்டமாக இலையைத் தின்றால் அது அல்லிப்புழு. இந்த விஷச் செடியை விரும்பித் தின்னும் உயிர் இது ஒன்றுதான் போலிருக்கிறது. இரண்டு மூன்று இரவில் கொடியை மொட்டையாக்கிவிடும். காலையில் கையுறையோடு பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள், வீட்டுத் தோட்டத்துக்கு அதுவே போதும். குஞ்சுப் புழுக்கள் நிறைய என்றால் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசலோடு, மாலையில்.

இலைகள் பச்சையாக இருக்கும்போதே கொடி திடீரென்று வாடினால் மண்ணை விலக்கிக் கிழங்கைப் பாருங்கள். மெத்தென்று ஆகி நாற்றம் வந்தால் அழுகல். அந்தக் கிழங்கைக் காப்பாற்ற முடியாது. சுற்று மண்ணோடு எடுத்துப் போட்டுவிட்டு, அந்தக் குழியில் இரண்டு ஆண்டு காந்தள் வேண்டாம்.

கொடி காய்ந்த பிறகு

தையில் இலைகள் கீழிருந்து மஞ்சளாகும். இதை நோய் என்று நினைத்து உரமும் தண்ணீரும் கொடுப்பவர்கள் உண்டு. அது தூக்கத்துக்குப் போகிறது. அன்றிலிருந்து தண்ணீரைக் குறைத்து இரண்டு வாரத்தில் நிறுத்துங்கள். பச்சையாக இருக்கும்போது கொடியை அறுக்காதீர்கள். இலையில் உள்ள சத்து கிழங்குக்கு இறங்கி முடியட்டும். சருகான பின் வெட்டி எடுத்துப் புதையுங்கள், ஆடு மேயும் குப்பையில் போட வேண்டாம்.

நல்ல வடிகாலுள்ள மேட்டுப்பாத்தியில் கிழங்கை அப்படியே விட்டுவிடலாம். பக்கத்தில் கோடையிலும் தண்ணீர் பாயும் மல்லிகை, வாழை இருந்தால் தோண்டி எடுப்பதே பாதுகாப்பு. பங்குனியில், தண்டு இருந்த இடத்திலிருந்து ஒன்றேகால் அடி தள்ளி மண்வெட்டியை இறக்கி, மண்கட்டியோடு தூக்கிக் கையால் உதிர்த்து எடுங்கள். பழைய கிழங்கு சுருங்கிக் கிடக்கும், அதன் இடத்தில் புதுக் கிழங்கு உருவாகியிருக்கும். கழுவ வேண்டாம். ஒரு வாரம் நிழலில் உலர்த்தி, காய்ந்த மணல் நிரப்பிய மண்பானையில், நுனிகள் ஒன்றையொன்று முட்டாமல் அடுக்கி, மூடி, "விஷம்" என்று எழுதி, சமையலறைக்கு வெளியே உயரத்தில் வையுங்கள். மாதம் ஒருமுறை திறந்து அழுகியது இருந்தால் எடுத்துவிடுங்கள்.

மண்ணிலேயே விட்டவர்கள் அடுத்த புரட்டாசியில் பழைய குச்சியின் அடியில் மட்டும் முளையைத் தேடினால் ஏமாறலாம். புதுக் கிழங்கின் நுனி தள்ளிப் போயிருக்கும், முளை ஒரு சாண் விலகிக்கூட எட்டிப் பார்க்கும். அந்த மாதத்தில் பாத்திக்குள் கால் வைக்காமல், ஓரத்தில் நின்றே சருகை விலக்கிப் பாருங்கள்.